கண்ணுக்குள் போய் அளந்து வருகிறவர்கள்

2024 அக்டோபர் 7, திங்கட்கிழமை. டாம்பாவை ஒட்டிய எங்கள் தெருவில் காலையிலிருந்தே ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கும் சத்தம். மெக்சிகோ வளைகுடாவின் தென்மேற்குப் பக்கம் மில்டன் என்ற புயல் இருந்தது. முந்தைய நாள்தான் அது ஹரிக்கேன் ஆவதா வேண்டாமா என்ற நிலையில் கிடந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் ஐந்தாம் வகைக்கு, அதாவது அளவுகோலின் உச்சிக்கு, ஏறிவிட்டது. தொலைக்காட்சியில் எல்லாச் சேனல்களும் ஒரே செயற்கைக்கோள் படத்தைக் காட்டின. வெள்ளை வட்டம், நடுவில் கண் எனப்படும் ஒரு சின்னத் துளை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் படத்தை அல்ல. கைபேசியில் வந்துகொண்டிருந்த, அலங்காரமே இல்லாத சில வரி எழுத்துகளை.

அவை விமானத்திலிருந்து வருபவை. புயலின் கண்ணைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் விமானத்திலிருக்கும் வானிலையாளர் ஒரு சுருக்கமான அறிக்கை அனுப்புவார். மையம் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது, அங்கே கடல்மட்டக் காற்றழுத்தம் எவ்வளவு, கண் எத்தனை அகலம், கண்ணுக்குள் வெப்பம் எவ்வளவு, வெளியே எவ்வளவு. மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையத்துக்குப் போகும் அதே அறிக்கை, அதே சில நிமிடங்களில் பொதுமக்களும் பார்க்கும்படி வெளியாகிறது. சாதாரண நாளில் கடல்மட்டத்தில் அழுத்தம் ஏறத்தாழ 1013 மில்லிபார். அன்று இரவுக்குள் மில்டனின் மையத்தில் அது 900-க்கும் கீழே போயிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டர். 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கூடியிருந்தது.

நான் நாகர்கோவில்காரி. இங்கே உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று மாலை அப்பா ஊரிலிருந்து பேசினார். நான் அழுத்தக் கணக்கைச் சொன்னதும், "அது கடல்ல கிடக்கு, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். உள்ளே போய் அளந்துவிட்டு வருகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அந்தப் பிளேன்ல போறவங்களுக்கு வீட்டுல ஆளு இல்லியா மக்களே?"

"எல்லாருக்கும் உண்டுப்பா" என்றேன்.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. செயற்கைக்கோள் இத்தனை இருக்கும்போது, உயிரைப் பணயம் வைத்து ஒரு விமானத்தைப் புயலுக்குள் ஓட்ட வேண்டிய தேவை என்ன? என் வகுப்பிலும் வருடாவருடம் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கிறது. சரியான கேள்விதான். செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் உச்சியை. அதன் வடிவத்தையும் வெப்பத்தையும் வைத்து, கீழே காற்று எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1970-களில் வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர் வகுத்த முறை அது. மிக நல்ல முறை. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான கடல்களில் புயலின் பலத்தைச் சொல்வது அதை வைத்துத்தான். ஆனாலும் மதிப்பீடு மதிப்பீடுதான். புயல் திடீரென்று பலம் கூடும்போது, மாற்றம் முதலில் நடப்பது மேகத்துக்கு அடியில், மையத்தைச் சுற்றிய சில பத்துக் கிலோமீட்டருக்குள். மேலே படத்தில் அது தெரிவதற்குள் சில மணி நேரம் போய்விடும். கரையில் இருப்பவர்களுக்கு அந்தச் சில மணி நேரம்தான் எல்லாம்.

முதன்முதலில் வேண்டுமென்றே ஒரு ஹரிக்கேனின் கண்ணுக்குள் விமானம் ஓட்டியவர் ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க ராணுவ கர்னல். 1943 ஜூலை 27. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. டெக்சஸ் மாநிலத்தில் பிரையன் என்ற ஊரில், வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை அவர் நடத்தினார். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விமானிகள், அவர்கள் ஓட்டிய ஏடி-6 என்ற ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தைக் கேலி செய்தார்களாம். அன்று கால்வெஸ்டன் கரையை ஒரு ஹரிக்கேன் நெருங்கிக்கொண்டிருந்தது. டக்வொர்த் பந்தயம் கட்டிவிட்டு, ரால்ஃப் ஓஹேர் என்ற வழிகாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நேராகப் புயலுக்குள் போய்த் திரும்பினார். இறங்கியதும் பள்ளியின் வானிலை அதிகாரி தானும் பார்க்க வேண்டும் என்றார். அவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி போனார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பந்தயத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் புயல் டெக்சஸ் மக்களுக்கு ஏறக்குறைய எச்சரிக்கையே இல்லாமல் வந்தது. எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பயந்து கப்பல்களின் வானொலியை அடக்கி வைத்திருந்த காலம் அது. கடலிலிருந்து வானிலைச் செய்தி வரவில்லை. கப்பல்கள் பேசாத கடலில் புயல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள, யாராவது போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அன்று விளையாட்டாகத் தொடங்கியது, அடுத்த ஆண்டே ராணுவத்தின் முறையான வேலையாகிவிட்டது.

இன்று அந்த வேலையை இரண்டு தரப்புகள் செய்கின்றன. ஒன்று, மிசிசிப்பி மாநிலத்தின் பிலோக்சியில் இருக்கும் விமானப்படையின் 53-ஆவது வானிலை உளவுப் பிரிவு. இவர்களிடம் இருப்பது டபிள்யூசி-130ஜே என்ற நான்கு எஞ்சின் சரக்கு விமானங்கள். புயல் எங்கே, எவ்வளவு பலம் என்று விடாமல் அளந்து தருவது இவர்கள் பொறுப்பு. மற்றொன்று நோவா எனப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பு. அதன் விமானதளம் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில், லேக்லேண்டில் இருக்கிறது. அங்கே இரண்டு பி-3 ஒராயன் விமானங்கள் உண்டு. 1970-களின் நடுவில் வந்தவை. கெர்மிட், மிஸ் பிக்கி என்று மப்பெட் பொம்மைகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். கூடவே கான்ஸோ என்ற ஜெட் விமானமும் உண்டு. அது புயலுக்குள் போகாது. 13 கிலோமீட்டர் உயரத்தில் புயலைச் சுற்றி வந்து, சுற்றியிருக்கும் காற்று அதை எந்தத் திசைக்குத் தள்ளும் என்று அளக்கும்.

ஒரு வசந்தகாலத்தில் ஒராயனைப் பொதுமக்கள் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விமானத்தின் பக்கவாட்டில், அது நுழைந்து வந்த புயல்களின் பெயர்கள் வரிசை வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. உள்ளே பயணிகள் விமானத்தின் சாயலே இல்லை. இருபுறமும் கருவி அடுக்குகள், திரைகள், தோளைச் சேர்த்துக் கட்டும் வார்கள். வயிற்றுப் பக்கம் ஒரு பெரிய ரேடார், வாலில் இன்னொன்று. தரையில் ஒரு குழாய் வாய். அதைக் காட்டி, "இதுதான் இந்த விமானத்தின் உயிர்" என்றார் அங்கே நின்ற பொறியாளர்.

அந்தக் குழாய் வழியாகத்தான் டிராப்சோண்டு என்ற கருவியைக் கீழே விடுகிறார்கள். கையில் பிடிக்கிற அளவுள்ள அட்டை உருளை. எடை மிகக் குறைவு. உள்ளே அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் அளக்கும் உணரிகளும் ஒரு ஜிபிஎஸ்ஸும் இருக்கும். வெளியே விழுந்ததும் சின்ன பாராசூட் விரியும். 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலைத் தொட ஏறத்தாழ நான்கு நிமிடம். காற்று அதை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அடித்துக்கொண்டு போகிறது என்பதை ஜிபிஎஸ் காட்டிக்கொடுக்கும். விழும் வழி முழுக்க நொடிக்கு இரண்டு முறை, நான்கு முறை என்று தகவல் அனுப்பிக்கொண்டே வந்து கடலில் முடிந்துபோகும். திரும்ப எடுப்பதில்லை. ஜிபிஎஸ் வைத்த டிராப்சோண்டு 1990-களின் பின்பாதியில் வந்த பிறகுதான், கண் சுவருக்குள் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே காற்று எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பது முதன்முறையாக வரிவரியாகத் தெரிந்தது.

கண் சுவர் என்பது, அமைதியான கண்ணைச் சுற்றி வளையமாக எழுந்து நிற்கும் மேகம். மழையும் காற்றும் உச்சத்தில் இருப்பது அங்கேதான். விமானம் பொதுவாக 3 கிலோமீட்டர் உயரத்தில், புயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கண் சுவரை வெட்டிக்கொண்டு, கண்ணுக்குள் புகுந்து, எதிர்ப்பக்கச் சுவர் வழியாக வெளியேறும். பிறகு வளைந்து வந்து குறுக்காக மீண்டும் ஒரு முறை. எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், இதே வேலை. மணிக்கு 250 கிலோமீட்டர் காற்றில் இறக்கை முறிந்துவிடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பக்கவாட்டில் வீசும் காற்று எவ்வளவு வேகமானாலும், அது சீராக இருக்கும்வரை விமானம் அந்தக் காற்றோடு சேர்ந்தே நகர்கிறது. ஆபத்து, மேலும் கீழும் பாயும் காற்றில் இருக்கிறது. ஒரு நொடி தூக்கி எறியும். அடுத்த நொடி காலடியில் தரை இல்லாததுபோல் விழும். மூக்கிலிருக்கும் ரேடாரைப் பார்த்து, சுவரில் எங்கே கொஞ்சம் மெலிவு என்று தேடித்தான் விமானி நுழைவார்.

அப்படியும் தவறுவது உண்டு. 1989 செப்டம்பர் 15-ஆம் தேதி, பார்படாஸ் தீவுக்குக் கிழக்கே, கெர்மிட் விமானம் ஹியூகோ என்ற புயலுக்குள் வெறும் 450 மீட்டர் உயரத்தில் நுழைந்தது. கீழ்மட்டத்துக் காற்றை அளப்பது நோக்கம். புயல் எதிர்பார்த்ததைவிட மிகமிகப் பலமாக இருந்தது. கண் சுவருக்குள் நான்கு எஞ்சின்களில் ஒன்று தீப்பிடித்தது. விமானம் கடலுக்கு மேலே 300 மீட்டருக்கும் குறைவான உயரத்துக்கு இறங்கி, எப்படியோ கண்ணுக்குள் தப்பி வந்தது. கண்ணுக்குள் வந்தது நிம்மதிதான். ஆனால் வெளியேற வேண்டுமென்றால் சுற்றிலும் அதே சுவர்தான். மூன்று எஞ்சினோடு வட்டமடித்து வட்டமடித்து உயரம் ஏறினார்கள், எரிபொருளைக் கொட்டி எடை குறைத்தார்கள். அங்கே வந்த விமானப்படை விமானம் ஒன்று, சுவரில் எந்த இடம் தாங்கக்கூடியது என்று முதலில் தானே போய்ச் சோதித்துச் சொல்ல, அந்த வழியாக வெளியே வந்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1955 செப்டம்பர் 26, கரீபியன் கடலில் ஜேனட் என்ற புயலுக்குள் போன அமெரிக்கக் கடற்படை விமானம் திரும்பவில்லை. அதில் இருந்தவர்கள் ஒன்பது கடற்படையினர். அவர்களோடு கனடாவிலிருந்து வந்த இரண்டு பத்திரிகைக்காரர்கள். 1974 அக்டோபரில், பிலிப்பைன்ஸ் பக்கம் பெஸ் என்ற புயலைப் பார்க்கப் போன விமானம் ஆறு பேரோடு மறைந்துபோனது. இரண்டிலும் கடைசியில் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில் எவ்வளவு கனமானது என்று இவர்களை நினைக்கும்போது தெரிகிறது.

அளந்து தருவது ஒரு வேலை. புரிந்துகொள்வது இன்னொரு வேலை. 1954-இல் கரோல், எட்னா, ஹேஸல் என்று அடுத்தடுத்து மூன்று புயல்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடித்து நொறுக்கிய பிறகு, புயலை ஆராய்வதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. தலைமை தாங்கியவர் ராபர்ட் சிம்ப்சன். புயல்களை ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்தும் அளவுகோலின் பெயரில் இருக்கும் அதே சிம்ப்சன். பின்னாளில் அவர் மணந்த ஜோஆன் சிம்ப்சன் அவரைவிட ஒரு படி மேலே என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அதற்கு முன்னால், பெண்ணுக்கு இந்தத் துறையில் வேலை கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. 1958-இல் அவரும் ஹெர்பர்ட் ரீலும் சேர்ந்து, வெப்பமண்டலக் காற்றில் வெப்பம் எப்படி மேலே போகிறது என்று விளக்கினார்கள். எல்லா இடத்திலும் சமமாக மெல்ல எழுவதில்லை. சில உயர்ந்த, குறுகலான இடிமேகங்கள் மட்டும் கோபுரம்போல் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு எழுந்து, கடலின் வெப்பத்தை நேராக உச்சிக்குக் கொண்டுபோகின்றன என்றார்கள். விமானத்தில் போய் மேகங்களைப் படமெடுத்து, அளந்து சேர்த்த அறிவு அது. இன்றும் புயல் எப்படிப் பலம் கூடுகிறது என்ற பேச்சு இந்தக் கோபுரங்களில்தான் தொடங்குகிறது.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்நீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஏராளமாக ஆவி எழும். அது மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடும். நடுப்பகுதி சூடாகிறது, அழுத்தம் குறைகிறது, சுற்றிலுமிருந்து காற்று விரைகிறது. விரையும் காற்று கடலிலிருந்து இன்னும் ஆவியை எடுக்கிறது. ஒன்றை ஒன்று வளர்த்துவிடும் சுற்று இது. அப்படியென்றால் சூடான கடலில் எழும் ஒவ்வொரு மேகக் கூட்டமும் புயலாக வேண்டுமே? ஆவதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 60 காற்றலைகள் அட்லாண்டிக்கில் இறங்குகின்றன. மிகச் சிலவே புயலாகின்றன. எது ஆகும், எது ஆகாது?

2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தக் கேள்விக்காகவே ஒரு விமானப் படையே திரண்டது. நாசாவின் டிசி-8, மிக உயரத்தில் பறக்கும் டபிள்யூபி-57, ஆளில்லாத குளோபல் ஹாக். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிதியத்தின் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட். இவற்றோடு நோவாவின் ஒராயன்கள். கல்ஃப்ஸ்ட்ரீம் குழு கரீபியனில் செயின்ட் க்ரோய் தீவில் தங்கி, இன்னும் புயலாகாத மேகக் கூட்டங்களுக்குள் போய்ப் போய் டிராப்சோண்டு விட்டது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் மாண்ட்கோமரி. அவரும் கூட்டாளிகளும் அதற்கு முன்பே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்கள். காற்றலையின் நடுவே, சுற்றியிருக்கும் காற்று எளிதில் புக முடியாத ஒரு பை உருவாகிறது. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பதுபோல், கருவாக இருக்கும் சுழல் அதற்குள் வறண்ட காற்றிலிருந்து காப்பாற்றப்படுகிறது என்பது அது.

அந்தப் பருவம் இதைச் சோதிக்க இரண்டு உதாரணங்களைத் தந்தது. ஒன்று காஸ்டன். செப்டம்பர் தொடக்கத்தில் பெயர் வைக்கிற அளவுக்கு வளர்ந்து, பிறகு தளர்ந்துவிட்டது. கடல் சூடு இருந்தது, மீண்டும் எழும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். விமானம் நாள்தோறும் போய் அளந்தது. நடு உயரத்தில் வறண்ட காற்று மெல்ல மெல்ல உள்ளே கசிந்து ஈரத்தைத் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. காஸ்டன் எழவே இல்லை. மற்றொன்று கார்ல். அதையும் பெயர் வைப்பதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே அளந்தார்கள். அதன் பை கிழியவில்லை. கீழிருந்து மேல்வரை ஈரம் சேர்ந்துகொண்டே போனது. செப்டம்பர் 14-இல் புயலாகி, மெக்சிகோ வளைகுடாவின் தென்மேற்கில் மூன்றே நாளில் வலுத்து வெராக்ரூஸ் கரையை அடித்தது. மீண்டும் எழாமல் போன புயலைப் பற்றி இவ்வளவு விரிவான அளவுகள் இருப்பது அரிது. தோற்றவனைப் பற்றி யாரும் குறிப்பெடுப்பதில்லை அல்லவா. காஸ்டனை விடாமல் துரத்தியவர்களுக்கு என் வணக்கம்.

பிறந்த புயல் எப்போது பாயும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. இதில் வாலிலிருக்கும் டாப்ளர் ரேடார்தான் பெரிய வெளிச்சம். முன்னும் பின்னும் சாய்த்துச் சுழலும் அந்த ரேடார், மழைத்துளிகளின் நகர்வை வைத்து, புயலின் உள்வயிற்றில் காற்று ஓடும் விதத்தை முப்பரிமாணத்தில் வரைந்துவிடும். பல ஆண்டுகள் சேர்த்த இந்தப் படங்களை ராபர்ட் ராஜர்ஸும் உடன் உழைத்தவர்களும் ஒப்பிட்டு 2013-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பலம் கூடும் புயல்களிலும் பலம் மாறாமல் நிற்கும் புயல்களிலும் உக்கிரமான மேகக் கோபுரங்கள் எழுகின்றன. ஆனால் பலம் கூடுபவற்றில் அவை, காற்று உச்ச வேகத்தில் இருக்கும் வளையத்துக்கு உட்பக்கமாக எழுகின்றன. மற்றவற்றில் வெளிப்பக்கமாக. சில கிலோமீட்டர் உள்ளே, சில கிலோமீட்டர் வெளியே. அவ்வளவுதான் வித்தியாசம். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே வெள்ளைதான்.

தோல்வியிலிருந்து கிடைத்த அறிவும் உண்டு. 1962 முதல் 1983 வரை அமெரிக்கா புயலை அடக்கவே முயன்றது. ஸ்டார்ம்ஃப்யூரி என்று பெயர். விமானத்திலிருந்து வெள்ளி அயோடைடைத் தூவி, கண் சுவருக்கு வெளியே இன்னொரு சுவரை எழுப்பினால், பழைய சுவர் தளர்ந்து காற்று குறையும் என்பது எண்ணம். 1969-இல் டெபி என்ற புயலில் தூவியபோது காற்று உண்மையாகவே குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு, யாரும் எதையும் தூவாத புயல்களையும் விமானத்தில் போய் அளந்தபோது, அவையும் தாமாகவே வெளிச்சுவரைக் கட்டி, பழையதை விட்டுவிட்டு, கொஞ்சம் தளர்ந்து, மறுபடி வலுப்பது தெரிந்தது. புயலின் இயல்பே அது. திட்டத்தை மூடினார்கள். புயலை அடக்க முடியவில்லை. ஆனால் சுவர் மாறும் அந்த நேரத்தில் காற்று குறைந்தாலும் புயல் அகலமாகிறது, கடல் கொந்தளிப்பு பரவுகிறது என்று இன்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

இந்த அளவுகளெல்லாம் கணினிக்குள் போய்த்தான் கணிப்பாகின்றன. அதில் நமக்கு நெருக்கமான ஒருவர் உண்டு. 1932-இல் சென்னையில் பிறந்த டி. என். கிருஷ்ணமூர்த்தி, இதே ஃபுளோரிடாவின் தலைநகர் டலஹாஸியில், மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஐம்பதாண்டு காலம் இருந்தார். புயல் குறித்து ஒவ்வொரு கணினி மாதிரியும் ஒவ்வொன்று சொல்லும். எந்த மாதிரி எந்த இடத்தில் எவ்வளவு தவறும் என்பதைப் பழைய கணிப்புகளிலிருந்து கற்று, அதற்கேற்ப எடை போட்டு எல்லாவற்றையும் சேர்த்தால், தனித்தனி மாதிரிகளைவிட நல்ல விடை வரும் என்று 1999-இல் காட்டினார். 1979-இல் பருவமழையை ஆராயும் சர்வதேச முயற்சி நடந்தபோது அதிலும் அவருக்குப் பெரிய பங்கு. அந்த ஜூன் மாதம் அமெரிக்க ஆய்வு விமானங்கள் மும்பையிலிருந்து அரபிக்கடலுக்கு மேல் பறந்தன. இதே ஒராயன் வகையும் அதில் இருந்தது. பருவமழை தொடங்கும்போது அங்கே எழுந்த சுழலுக்குள்ளும் போய் அளந்தார்கள். நம் கடலில் அது நடந்திருக்கிறது, ஒரு முறை.

இங்கிருந்துதான் என் மனக்குறை தொடங்குகிறது. அட்லாண்டிக்கில் எண்பது ஆண்டுகளாக உள்ளே போய் அளந்த கணக்கு இருக்கிறது. வங்காள விரிகுடாவில் புயலுக்குள் வழக்கமாகப் பறக்கும் விமானம் இல்லை. நம் வானிலைத் துறையின் பாதைக் கணிப்பு மிக நன்றாக முன்னேறியிருக்கிறது. 1999-இல் ஒடிசாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொண்டுபோனது ஒரு புயல். 2013-இல் அதே கரையை ஃபைலின் அடித்தபோது லட்சக்கணக்கானோரை முன்பே இடம் மாற்றியதால் இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் பலம் திடீரென்று கூடுவது வேறு பிரச்சினை. விமானம் இருக்கும் இடத்திலேயே அது ஏமாற்றுகிறது. 2023 அக்டோபர் 24 காலையில்கூட, ஓட்டிஸ் என்ற புயல் இவ்வளவு வெறியோடு வரும் என்று எந்த மாதிரியும் சொல்லவில்லை. மதியம் விமானப்படை விமானம் உள்ளே போனபோதுதான் உண்மை தெரிந்தது. நள்ளிரவு தாண்டி, ஐந்தாம் வகைப் புயலாக அது மெக்சிகோவின் அகபுல்கோவுக்குள் நுழைந்தது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் வேகம் கூடியிருந்தது. அந்த ஒரு விமானமும் போயிருக்காவிட்டால் அந்தச் சில மணி நேர எச்சரிக்கையும் கிடைத்திருக்காது.

2017 நவம்பர் 29, 30 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. இலங்கையைத் தாண்டி வந்த தாழ்வு மண்டலம், ஒரே நாளில் ஓகி புயலாகிக் குமரிமுனையை ஒட்டிப் போனது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் நாள் கணக்கில் தங்கி மீன்பிடிக்கிறவர்கள். பலர் ஏற்கெனவே வெகுதூரத்தில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. விமானம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. எச்சரிக்கை படகுக்குப் போய்ச் சேர வழியும் வேண்டுமே. ஆனால் போய்ச் சேர வேண்டிய எச்சரிக்கை முதலில் பிறக்க வேண்டும்.

வங்காள விரிகுடாவுக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. பொதுவாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து, புயலுக்குக் கிடைக்கும் வெப்பத்தைக் குறைக்கும். இங்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், உப்புநீருக்கு மேல் ஒரு அடுக்காகக் கிடந்து அந்தக் கலப்பைத் தடுக்கிறது. அதனால் சில இடங்களில் புயலுக்குக் கிடைக்கும் வெப்பம் குறைவதே இல்லை. இதை நேரில் அளக்க, விமானத்திலிருந்து கடலுக்குள் போடும் வெப்பமானிகள் உண்டு. ஒராயன்கள் அட்லாண்டிக்கில் போடுகின்றன. நம் கடலில் ஓடும் புயலுக்கு அட்லாண்டிக்கில் அளந்த விதிகளை வைத்துக் கணக்குப் போடுவது எனக்கு நெருடுகிறது.

செலவு ஆகும், ஆண்டுக்கு நான்கைந்து புயல்களுக்காக இத்தனையா என்பார்கள். நான் மலைப்பது செலவைப் பார்த்து அல்ல. பிலோக்சியில் நிற்கும் டபிள்யூசி-130ஜே என்பது வேறொன்றும் இல்லை, சி-130ஜே சரக்கு விமானத்தில் வானிலைக் கருவிகள் ஏற்றியது. அதே சி-130ஜே இந்திய விமானப்படையிடமும் இருக்கிறது. அவற்றில் சில நிற்கும் பானாகர் தளம் மேற்கு வங்கத்தில், விமானத்துக்கு வங்காள விரிகுடாவிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறது. வேண்டியது இறக்கையில் மாட்டும் ஓர் உணரி, டிராப்சோண்டு விடும் குழாய், அவற்றின் தகவலைப் படிக்கும் கணினி, அதன் முன் உட்காரப் பயிற்சி பெற்ற நான்கு வானிலையாளர்கள், கண் சுவரில் எங்கே நுழைவது என்று கற்றுக்கொண்ட விமானிகள். கடைசி இரண்டுக்கும் ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் இன்றே தொடங்க வேண்டும் என்கிறேன். தைவான் 2003-இலேயே ஒரு சிறிய ஜெட்டை வைத்துத் தொடங்கிவிட்டது. ஹாங்காங் அரசின் விமானங்கள் தென்சீனக் கடலில் டிராப்சோண்டு விடுகின்றன.

மில்டன் 9-ஆம் தேதி இரவு எங்களுக்குத் தெற்கே, சரசோட்டாவை ஒட்டிய சியஸ்டா கீ தீவில் கரையேறியது. அதற்கு முந்தின நாள் மாலை ஒராயன் அனுப்பிய அறிக்கை ஒன்றில், எண்களுக்குக் கீழே ஒரு மனிதரின் பெயர் இருந்தது. பீட்டர் டாஜ். ரேடார் விஞ்ஞானி. நோவாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, புயல்களின் கண்ணை 386 முறை கடந்தவர், 2023-இல் காலமானவர். உடன் வேலை செய்தவர்கள் அவருடைய அஸ்தியை எடுத்துப்போய் மில்டனின் கண்ணில் விட்டிருந்தார்கள். அறிக்கையில் அதை அவருடைய 387-ஆவது கடப்பு என்று பதிந்திருந்தார்கள். அதே பறப்பில் டிராப்சோண்டுகளும் விழுந்தன, மைய அழுத்தமும் காற்றின் வேகமும் வழக்கம்போல் மயாமிக்குப் போயின. எந்தெந்த வட்டாரத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கரையோர அதிகாரிகள் முடிவெடுப்பது இப்படிப்பட்ட எண்களையும் வைத்துத்தான்.